கில்பர்ட் – எல்லிஸ் தீவுகளின் அஞ்சல் உறைகளும் முத்திரைகளும்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

எனக்குப் பதினான்கு வயது இருக்கும். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்த மாமா, அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய கடிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு கவரின் மூலையில், பவளப்பாறையைத் தாண்டும் படகுப் படம் போட்ட தபால்தலை. எல்லாரும் சொல்லிக்கொடுத்தபடி கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, தலையை உரித்தெடுத்து, நனைந்த கவரைக் குப்பையில் போட்டுவிட்டேன். தலை இன்னும் என் ஆல்பத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில் அஞ்சலகம் குத்திய முத்திரையின் கால்வாசி வட்டமும், ஊர்ப்பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் மட்டும் தெரிகின்றன. எந்தத் தீவு, எந்தத் தேதி, யார் யாருக்கு எழுதியது என்பதெல்லாம் கவரோடு போய்விட்டது.

அதனால் முதல் விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவரிலிருந்து தலையை உரிக்காதீர்கள். கத்தரியால் முத்திரையைச் சுற்றி வெட்டியும் எடுக்காதீர்கள். தபால்தலை அச்சகத்தில் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது. கவர் ஒன்றே ஒன்று. அது ஒரு நாளில் ஒரு தீவிலிருந்து கிளம்பி, ஏதோ ஒரு கப்பலில் ஏறி, எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பயணத்தைப் படிப்பதுதான் இந்தச் சேகரிப்பு.

1. முதலில் வரைபடம், பிறகு காலண்டர்

பசிபிக்கில் பிரிட்டனிடம் இருந்த பகுதிகளில் கில்பர்ட் – எல்லிஸ் தீவுகளைப் போலச் சிதறிக் கிடந்த ஒன்று அரிது. மேற்குக் கோடியில் ஓஷன் தீவு (அந்த ஊர்க்காரர்களுக்கு பனாபா), நடுவில் பதினாறு கில்பர்ட் தீவுகள், தெற்கே ஒன்பது எல்லிஸ் தீவுகள், கிழக்கே எட்டு ஃபீனிக்ஸ் தீவுகள், அதையும் தாண்டி ஃபேனிங், வாஷிங்டன், கிறிஸ்துமஸ் என்று லைன் தீவுகள். ஓஷன் தீவுக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்கும் நடுவே மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல். ஒரு பெரிய உலக வரைபடத்தை மேசை மேல் விரித்து, இந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கவர் வாங்க ஆரம்பித்தால் பாதி முத்திரைகள் வெறும் எழுத்தாகவே நிற்கும்.

அடுத்தது காலம். 1892இல் பாதுகாப்புப் பிரதேசம் ஆனது. 1900இல் ஓஷன் தீவில் பாஸ்பேட் கண்டுபிடிக்கப்பட்டது. சில வருடங்களில் நிர்வாகத் தலைமையிடமே கில்பர்ட் தீவுகளில் ஒன்றான தாரவாவிலிருந்து அங்கே மாறிவிட்டது. 1911 ஜனவரி 1இல் முதல் தபால்தலைகள் வந்தன. ஃபிஜி தபால்தலைகள் மேல் பெயரை அச்சடித்த ஏழு மதிப்புகள் அவை. அதே வருடம் தாழை மரப் படம் போட்ட நான்கு தலைகள் வந்தன. 1916இல் முழுக் காலனி ஆனது. 1939இல் ஆறாம் ஜார்ஜ் காலத்துப் பன்னிரண்டு படத் தலைகள் வந்தன; நான் ஊறப்போட்ட படகு அந்த வரிசையில் உள்ளதுதான். பிறகு போர். 1966 பிப்ரவரியில் பவுன், ஷில்லிங், பென்னி போய் டாலர், சென்ட் வந்தது. 1975 அக்டோபரில் எல்லிஸ் பிரிந்து துவாலு ஆனது. 1976 ஜனவரி முதல் இரண்டுக்கும் தனித்தனித் தலைகள். 1978இல் துவாலுவும், 1979 ஜூலை 12இல் கிரிபாட்டி என்ற பெயரில் கில்பர்ட் தீவுகளும் சுதந்திரம் பெற்றன.

ஒரு சின்ன விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சர்வதேசத் தேதிக்கோடு இந்தக் காலனியை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. தாரவாவில் செவ்வாய் என்றால் ஃபேனிங்கில் திங்கள்தான். கிரிபாட்டி அரசு 1995இல்தான் கோட்டைக் கிழக்கே தள்ளி நாடு முழுவதையும் ஒரே நாளில் கொண்டுவந்தது. அதனால் கிழக்குத் தீவுகளின் கவரில் புறப்பட்ட தேதிக்கும் சேர்ந்த தேதிக்கும் உள்ள நாட்களை எண்ணும்போது ஒரு நாள் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும்.

பெயர்களின் உச்சரிப்பும் தெரிந்திருப்பது நல்லது. கில்பர்ட் மக்களின் மொழியில் 'டி', 'ஐ' இரண்டும் சேர்ந்து வந்தால் 'ஸ்' ஒலி. கிரிபாட்டி என்று எழுதியிருப்பதை அவர்கள் 'கிரிபாஸ்' என்பார்கள். அது 'கில்பர்ட்ஸ்' என்ற சொல்லின் உள்ளூர் வடிவம். 'கிரிடிமாட்டி' என்று ஆங்கில எழுத்தில் தெரிவது கிறிஸ்துமஸ் என்ற பெயரேதான். இது தெரியாமல் ஒரே தீவை இரண்டு தீவாகப் பட்டியல் போட்டுவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேர்ப்பேன் என்று கிளம்பினால் பணமும் தீரும், ஆர்வமும் தீரும். நான் பரிந்துரைப்பது ஒன்றுதான்: தீவுக்கு ஒரு முத்திரை. பதினாறு கில்பர்ட் தீவுகள், ஒன்பது எல்லிஸ் தீவுகள் என்று பட்டியல் எழுதி, 1950களிலிருந்து 1975 வரைக்குமான கவர்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். புட்டாரிட்டாரி, அபையாங், மராக்கெய், அபெமாமா, நொனூட்டி, பேரூ, ஒனோட்டோவா, அரோரே. அந்தப் பக்கம் நனுமேயா, நியுட்டாவ், வைட்டுப்பு, நுக்குஃபெட்டாவ், ஃபுனாஃபுட்டி. இந்தக் காலத்துக் கவர்கள் இன்னும் சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. சில சுலபமாக வரும். சிலவற்றுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆட்கள் மிகக் குறைவான தீவிலிருந்து எத்தனை கடிதம் வெளியே போயிருக்கும் என்று யோசித்தாலே காரணம் புரியும்.

இதற்கு மேல் ஆழமாகப் போக விரும்பினால் ஒரே தீவை எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது ஃபேனிங். கனடாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போன பசிபிக் தந்திக் கேபிளின் இடைநிலையம் அங்கே 1902இல் வந்தது. நியூசிலாந்து அஞ்சல் துறை அந்த நிலையத்தாருக்காக ஒரு அஞ்சலகம் திறந்தது. அதனால் 1939 வரை ஃபேனிங் கவர்களில் ஒட்டியிருப்பது நியூசிலாந்துத் தபால்தலைகள்தான். தலையை மட்டும் பார்த்தால் ஆக்லாந்தில் கிடைக்கும் சாதாரண ஒரு பென்னித் தலை. அதன் மேல் விழுந்த முத்திரைதான் அதை நடுக்கடல் தீவுக்குச் சொந்தமாக்குகிறது. 1914 செப்டம்பர் 7ஆம் தேதி ஜெர்மன் போர்க்கப்பல் நூர்ன்பெர்க், பிரெஞ்சுக் கொடியைக் கட்டிக்கொண்டு வந்து அந்தக் கேபிளை அறுத்தது. அந்த வருடத்து ஃபேனிங் கவர் ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், தேதி செப்டம்பருக்கு முன்னா பின்னா என்று பார்க்காமல் இருக்க முடியாது.

போர்க்காலம் இன்னொரு வழி. அதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன். 1911க்கு முந்தைய காலம் தொடக்கக்காரருக்கு வேண்டாம். அப்போது கடிதங்களை மிஷன் கப்பலிலோ வணிகக் கப்பலிலோ கொடுத்தனுப்புவார்கள். சிட்னி போன்ற துறைமுகத்தில்தான் அவை தபாலில் சேரும். தீவின் பெயர் கவரில் எங்கும் இருக்காது. உள்ளே கடிதம் இருந்தால்தான் தெரியும். அருமையான பொருள், ஆனால் விலையும் சிக்கலும் அதிகம்.

3. ஒரு கவரை எப்படிப் படிப்பது

இதுதான் இந்த வேலையின் உயிர். என்னிடம் இருக்கும் ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நீளமான பழுப்பு உறை. மேலே வலது மூலையில் மூன்று தலைகள்; அதில் ஒன்று ஓஷன் தீவில் பாஸ்பேட் ஏற்றும் கான்டிலீவர் (கடலுக்கு மேல் கை நீட்டியதுபோல் நிற்கும்) இறங்குதளத்தின் படம் போட்ட ஒரு ஷில்லிங் தலை. மூன்றின் மேலும் ஓஷன் தீவு முத்திரை, 1949. இடது கீழ் மூலையில் பதிவுத் தபால் சீட்டு. உறையின் குறுக்கும் நெடுக்குமாக நீல மெழுகுப் பென்சிலால் இரண்டு கோடு. முகவரி தட்டச்சு செய்யப்பட்டது: மெல்போர்னில் இருந்த, தீவின் பாஸ்பேட்டைத் தோண்டிய பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்ஸ் நிறுவனத்தின் அலுவலகம். திருப்பிப் பார்த்தால் மெல்போர்ன் பதிவுத் தபால் பிரிவின் முத்திரை, இருபத்துமூன்று நாள் கழித்து. உறையின் மேல் விளிம்பு கத்தியால் சீராகக் கிழிக்கப்பட்டிருக்கிறது. இடது ஓரத்தில் கோப்பில் கோர்க்கப் போட்ட இரண்டு துளை.

இதில் ஒவ்வொன்றும் ஒரு சேதி.

நீலக் கோடு, பிரிட்டிஷ் வழக்கப்படி இது பதிவுத் தபால் என்பதற்கான அடையாளம். பதிவுத் தபால் என்பதால் வழியில் ஒவ்வொரு கையும் பொறுப்பேற்க வேண்டும். அதனால்தான் பின்னால் சேர்ந்த ஊரின் முத்திரை இருக்கிறது. சாதாரணக் கடிதத்தில் பெரும்பாலும் பின்முத்திரை இருக்காது. ஆகவே பயண நாட்களைக் கணக்கிட வேண்டும் என்றால் பதிவுத் தபால் கவர்களைத் தேடுங்கள்.

இருபத்துமூன்று நாள் ஏன்? ஓஷன் தீவுக்குத் துறைமுகம் கிடையாது. சுற்றிலும் ஆழ்கடல். பாஸ்பேட் ஏற்ற வரும் கப்பல்கள் மிதவைகளில் கட்டி நிற்கும். மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் கட்டை அவிழ்த்துக்கொண்டு கடலில் விலகி, காற்று அடங்கும்வரை நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். தபால் பையும் அப்படித்தான் காத்திருக்கும். முத்திரைத் தேதி என்பது அஞ்சலகத்தில் குத்திய தேதி, கப்பல் கிளம்பிய தேதி இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால் பல கவர்களில் புதிராகத் தெரியும் இடைவெளி தெளிவாகும்.

அந்த இரண்டு துளையைக் குறை என்று சொல்லி விற்பனையாளர் விலையைக் குறைத்தார். எனக்கு அதுதான் சாட்சி. யாரோ ஒரு குமாஸ்தா கடிதத்தை உறையோடு சேர்த்துத் துளை போட்டுக் கோப்பில் கோர்த்திருக்கிறார். சேகரிப்பவருக்காகச் செய்த கவரில் யாரும் துளை போடமாட்டார்கள்.

புதிதாக ஒரு கவர் கைக்கு வந்தால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் முத்திரை: ஊர், தேதி. அப்புறம் தலைகளின் கூட்டுத்தொகை. அந்தக் காலத்துக் கட்டணத்துக்குப் பொருந்துகிறதா, அதிகமா? அதிகம் என்றால் கடிதம் கனமா, விமானத் தபாலா, பதிவா, இல்லை யாராவது சேகரிப்புக்காக ஒட்டியதா? அதன் பிறகு முகவரி, அனுப்பியவர் பெயர். கடைசியாகப் பின்பக்கம் முழுவதும், ஒட்டுமடிப்பின் கீழேயும். உள்ளே கடிதம் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

4. முத்திரையை அளப்பதும் பதிவதும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் குறி உள்ள ஒளி ஊடுருவும் ஸ்கேல், ஒரு நல்ல ஸ்கேனர். இந்த மூன்றும் போதும்.

ஒவ்வொரு முத்திரைக்கும் ஆறு விஷயங்களை எழுதுங்கள்: வட்டத்தின் விட்டம்; ஒற்றை வட்டமா இரட்டை வட்டமா; எழுத்தின் உயரம், வாசகம் முழுமையாக; தேதி எழுதப்பட்ட முறை (நாள் முதலா, மாதம் எழுத்தா எண்ணா, வருடம் இரண்டு இலக்கமா நான்கா); மையின் நிறம்; முத்திரை குத்தும் கட்டையின் தேய்மானம்.

கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். உலோகக் கட்டையில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக விழும். ரப்பர் கட்டையில் விளிம்பு வீங்கியிருக்கும், வட்டம் லேசாகக் கோணிக்கொள்ளும். வெயிலிலும் உப்புக் காற்றிலும் சில வருடங்களில் பிளந்தும் போகும். ஒரே கட்டையின் பத்து வருட முத்திரைகளை வரிசையாக வைத்தால் வட்டத்தில் ஒரு வெட்டு எப்போது விழுந்தது என்று மாதக் கணக்கில் சொல்லிவிடலாம். இது வெறும் நுணுக்க ஆசை இல்லை. போலியைப் பிடிக்க இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. 1952இல் விழுந்த வெட்டு 1948 தேதியிட்ட முத்திரையில் இருந்தால் அந்தத் தேதி பொய்.

உங்களிடம் உள்ளதை மட்டும் இல்லாமல், ஏலப் படங்களில் பார்ப்பதையும் சேமித்து வையுங்கள். தீவுவாரியாக ஒரு கோப்புறை. ஒவ்வொரு படத்தின் பெயரிலும் தேதி. இரண்டு வருடத்தில் காசு செலவில்லாமல் உங்களிடம் ஒரு ஆய்வுக் களஞ்சியம் சேர்ந்துவிடும்.

5. போர்க்காலக் கவர்கள்

1940 டிசம்பரிலேயே போர் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஓரியன், கோமெட் என்ற இரண்டு ஜெர்மன் கப்பல்கள் நவ்ரு தீவு அருகே ஐந்து வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. அவற்றில் டிரையோனா, டிரையாடிக், டிரையாஸ்டர் மூன்றும் பாஸ்பேட் கமிஷனர்ஸின் கப்பல்கள். ஓஷன் தீவின் வழக்கமான கடல்வழி அதோடு குலைந்தது. ஒரு வருடத்தில் ஜப்பானியர் புட்டாரிட்டாரியில் இறங்கினார்கள். 1942 ஆகஸ்டில் ஓஷன் தீவும் அவர்கள் கைக்குப் போனது.

ஜப்பானியர் பிடித்த தீவுகளுக்குப் பழைய தபால் சேவை நின்றுபோனது. எல்லிஸ் தீவுகள் அவர்கள் கைக்குப் போகவில்லை. 1942 அக்டோபரில் அமெரிக்கர்கள் ஃபுனாஃபுட்டியில் இறங்கினார்கள். 1943 நவம்பர் 20 முதல் 23 வரை தாரவாவின் பெட்டியோ திட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு அங்கேயும் அமெரிக்க ராணுவத் தபால்தான். இந்தக் கவர்களில் தீவின் பெயர் இருக்காது. எழுதக் கூடாது என்று தடை. அனுப்பியவரின் படைப்பிரிவு, ராணுவ அஞ்சலக எண், 'சான்பிரான்சிஸ்கோ வழி' என்ற முகவரி, தணிக்கை அதிகாரியின் வட்ட முத்திரை, அதற்குள் ஒரு சுருக்கக் கையொப்பம். இவற்றை வைத்துத்தான் அந்தத் தேதியில் அந்தப் பிரிவு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். எண்கள் பிரிவோடு சேர்ந்து இடம் மாறும். எனவே எண்ணை மட்டும் நம்பாமல் தேதியையும் சேர்த்தே பாருங்கள்.

அமெரிக்க ஆவணங்களில் 'மக்கின்' என்று வரும் போர்க்களம் உண்மையில் புட்டாரிட்டாரி. மக்கின் என்ற தீவு அதற்கு வடக்கே தனியாக இருக்கிறது.

தாரவாவில் 1942 அக்டோபர் 15இல் ஜப்பானியரால் கொல்லப்பட்ட இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் கரையோரக் காவலுக்கு வந்த நியூசிலாந்துக்காரர்கள். வீட்டிலிருந்து இந்தத் தீவுகளில் இருந்தவர்களுக்கு எழுதிய கடிதங்கள் சேராமல் திரும்பியிருக்கக்கூடிய காலம் இது. 'அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது' என்ற குறியோடு 1942ஆம் வருடக் கவர் எதையாவது பார்த்தால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் முகவரியைப் படியுங்கள்.

போருக்குப் பிறகு ஓஷன் தீவு மக்களில் பெரும்பாலோரை 1945 டிசம்பரில் ஃபிஜியின் ராபி தீவுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். ராபியிலிருந்து வந்த கவர்களில் ஒட்டியிருப்பது ஃபிஜித் தலை. ஆனாலும் ஓஷன் தீவைச் சேகரிப்பவர் ஆல்பத்தில் அவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. தீவின் கதை அதன் மக்களோடுதான் போகிறது.

6. சேகரிப்பவருக்காகவே செய்த கவர்கள்

ஐந்தாம் ஜார்ஜின் 1935 வெள்ளிவிழா, ஆறாம் ஜார்ஜின் 1937 முடிசூட்டு விழா போன்றவற்றுக்குத் தலைகள் வந்தபோது வெளிநாட்டு வியாபாரிகள் பணமும் முகவரி எழுதிய உறைகளும் அனுப்பி, முழுத் தொகுப்பையும் ஒட்டி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அழகாக இருக்கும், எல்லாத் தலைகளும் வரிசையாக, முத்திரை நட்டநடுவே. 1940 ஜூலையில் பான் அமெரிக்கன் விமான சேவை, ஃபீனிக்ஸ் தீவுகளில் ஒன்றான கேன்டன் வழியாக நியூசிலாந்துக்குத் தொடங்கியபோதும் முதல் பயணக் கவர்கள் ஏராளமாகத் தயாராயின. விலை குறைவாகவே கிடைக்கும்.

இவை பொய்யானவை இல்லை. அந்த நாளின் முத்திரை உண்மையாகவே விழுந்தது, அந்த விமானத்தில் உண்மையாகவே போனது. முத்திரை தெளிவாக இருப்பதால் அளந்து பதிவுசெய்ய இவைதான் நல்ல மாதிரி. ஆனால் ஒரு தாய் மகனுக்கு எழுதியதோ, கொப்பரை வியாபாரி கணக்கு அனுப்பியதோ வேறு வகை. இரண்டையும் ஒரே விலைக்கு வாங்காதீர்கள்.

ஃபீனிக்ஸ் தீவுகளில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். 1930களின் கடைசியில் கில்பர்ட் தீவுகளிலிருந்து மக்களைக் கொண்டுபோய்க் கார்ட்னர், ஹல், சிட்னி தீவுகளில் குடியேற்றினார்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டால் 1960களில் அந்தக் குடியேற்றங்கள் கலைந்தன. கார்ட்னர் தீவில் 1940இல் கிடைத்த எலும்புகள் 1937இல் பசிபிக்கில் காணாமல்போன விமானி அமேலியா இயர்ஹார்ட்டுடையவையோ என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அதனால் அந்த முத்திரைக்குச் சேகரிப்பவர் அல்லாதவர்களும் போட்டியிடுகிறார்கள். சந்தையில் வருவதில் பெரும்பகுதி சேகரிப்பவருக்குப் போன உறைகள். தீவில் இருந்தவர் தன் வேலையாக எழுதிய கவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

7. போலியும் குழப்பமும்

ஒரு தலை புதிதாக இருப்பதைவிட முத்திரை குத்தப்பட்ட நிலையில் அதிக விலை போகிறதா? அங்கேதான் போலி வரும். 'மேடம் ஜோசப்' என்ற பெயரில் அறியப்படும் போலி முத்திரைக் கட்டைகள் நூற்றுக்கணக்கில், பிரிட்டிஷ் காலனிகள் பலவற்றின் பெயரில் செய்யப்பட்டவை. பெரும்பாலும் தனித் தலைகளில்தான் அவை குத்தப்பட்டிருக்கும். நாம் கவர் சேகரிப்பதால் ஓரளவு தப்பிக்கிறோம். ஆனாலும் உண்மையான பழைய உறையில் பிற்காலத்தில் தலை ஒட்டி முத்திரை குத்துபவர்களும் இருக்கிறார்கள்.

சோதிக்கும் வழி: முத்திரையின் கோடு தலையிலிருந்து உறைக்குத் தொடர்ச்சியாக வருகிறதா? தலையின் விளிம்பில் கோடு உடைந்து இடம் தவறுகிறதா? தலையின் மேல் இருக்கும் மையும் உறையின் மேல் இருக்கும் மையும் ஒரே நிறமா? தலையைச் சுற்றி உறை வெளிறி, பழைய தலை ஒன்றின் நிழல் தெரிகிறதா? புற ஊதா விளக்கின் கீழ் உறை பளிச்சென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அது போருக்குப் பிந்தைய காகிதம். 1911 தேதியோடு அப்படி ஒளிர்ந்தால் கீழே வைத்துவிடுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல், ஒரு விற்பனையாளர் பட்டியலில் இருந்த 1911 கவரை நல்ல விலைக்கு வாங்கினேன். மூன்று மாதம் கழித்து விளக்கின் கீழ் வைத்தபோது டார்ச் அடித்ததுபோல் ஒளிர்ந்தது. அதன் பிறகு விளக்கு இல்லாமல் நான் பழைய கவரை வாங்குவதில்லை.

போலி இல்லாத குழப்பமும் உண்டு. கிறிஸ்துமஸ் தீவு உலகில் இரண்டு. ஒன்று நம்முடைய பசிபிக் தீவு. இன்னொன்று இந்தியப் பெருங்கடலில் இருப்பது. அங்கேயும் பாஸ்பேட்தான், அங்கேயும் அப்போது பிரிட்டிஷ் ஆட்சிதான், நிர்வாகம் சிங்கப்பூரிலிருந்து. விற்பனையாளர்களே கலந்துவிடுகிறார்கள். தலையைப் பாருங்கள்: மலாயா பக்கத்துத் தலையோ பின்னால் வந்த ஆஸ்திரேலியத் தொடர்புள்ள தலையோ இருந்தால் அது நம்முடையது இல்லை. 1950களின் கடைசியில் பசிபிக் கிறிஸ்துமஸ் தீவில் பிரிட்டன் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது ஆயிரக்கணக்கான படைவீரர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் எழுதியவற்றில் பிரிட்டிஷ் தலையும் எண் போட்ட ராணுவ அஞ்சலக முத்திரையும் இருக்கும். தீவின் பெயர் அனுப்பியவர் முகவரியில் மட்டும் வரலாம். வரலாற்றில் இவ்வளவு கனமான இடத்துக் கவர்கள் பலமுறை சாதாரண ராணுவக் கடிதம் என்று மலிவுப் பெட்டியில் கிடக்கின்றன. பெட்டியில் கை விடுங்கள்.

8. எங்கே வாங்குவது

இணைய ஏலத் தளங்களில் தேடும்போது பெயரை எல்லா வடிவத்திலும் போட்டுப் பாருங்கள்: கில்பர்ட் எல்லிஸ், ஓஷன் ஐலண்ட், பனாபா, தாரவா, ஃபுனாஃபுட்டி, எழுத்துப் பிழையோடும் கூட. தலைப்பில் 'பசிபிக் கலவை' என்று மட்டும் இருக்கும் கட்டுகளில்தான் எனக்கு நல்லவை கிடைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் விற்பனையாளர்களிடம் அதிகம் வரும். பாஸ்பேட் வேலைக்கும் அரசு வேலைக்கும் மிஷனுக்கும் போனவர்கள் வீட்டுக்கு எழுதியது அங்கேதானே.

முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் படமும் கேளுங்கள். பின்பக்கப் படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். விலையை முன்னால் விற்ற ஏலங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. பிரிட்டனில் தொடங்கிய பசிபிக் தீவுகள் ஆய்வு வட்டம் போன்ற சங்கங்களில் உறுப்பினரானால், ஐம்பது வருடம் இதையே பார்த்தவர்களிடம் சந்தேகம் கேட்கலாம்.

9. பாதுகாப்பு

கடலோர ஊரில் இருப்பவருக்கு இரண்டு பகை: ஈரப்பதம், ராமபாணப் பூச்சி. கவர்களை பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி பிளாஸ்டிக் காலப்போக்கில் வேர்த்து மையைத் தின்றுவிடும். செலோடேப், ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப் எதுவும் படக் கூடாது. பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பீரோவை வெளிச்சுவரில் ஒட்டி வைக்க வேண்டாம்.

இந்தத் தீவுகளின் கவர்களில் பழுப்புப் புள்ளிகள் இல்லாதது குறைவு. அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் இருந்து வந்தவை அவை. பிளீச் போட்டு வெளுக்க முயலாதீர்கள். புள்ளியோடு முத்திரையும் போகும்.

10. ஆல்பப் பக்கம் எழுதுவது

ஒரு பக்கத்துக்கு ஒரு கவர். நான்கு மூலையிலும் போட்டோ கார்னர், பசை வேண்டாம். பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் அதன் நகலை அருகில் ஒட்டுங்கள். கீழே எழுத வேண்டியது: எங்கிருந்து, எங்கே, இரண்டு தேதிகள், கட்டணம் எப்படி வந்தது, எந்த வழி, முத்திரையின் அளவு, எங்கே எந்த விலைக்கு வாங்கினீர்கள். கடைசி விவரத்தைத் தனி நோட்டில் எழுதலாம். கவரின் மேல் பென்சிலால்கூட எழுதாதீர்கள்.

ஊகத்தையும் உறுதியையும் பிரித்து எழுதுங்கள். என் ஃபேனிங் பக்கங்களில் ஒன்றில் 'ஆக்லாந்து வழி' என்பது மையால் எழுதியது, பின்முத்திரையில் அது இருக்கிறது. 'கப்பல்:' என்பதற்கு எதிரே பென்சிலால் ஒரு பெயர் எழுதி, அழித்து, இன்னொன்று எழுதி, அதையும் அழித்திருக்கிறேன். அந்த மாதத்துக் கப்பல் வருகைப் பட்டியல் உள்ள பழைய ஆக்லாந்துச் செய்தித்தாள்களை இப்போது இணையத்தில் படிக்க முடிகிறது; ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வாரத்துத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.